'மை ஆன்டோனியா' நாவலை வகுப்பில் நடத்துவது எப்படி: நடை, அல்யூஷன், தீம் – ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க எழுத்தாளர் வில்லா கேதர் 1918இல் வெளியிட்ட 'மை ஆன்டோனியா' ('என் ஆன்டோனியா') நாவலைக் கல்லூரி ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறொரு எல்லைப்புற நாவல் (அமெரிக்க மேற்கில் குடியேறியவர்களின் கதை) உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தாலும் படிகளின் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உதாரணங்களை மட்டும் மாற்ற வேண்டும்.

புதிதாக நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தீமில் (மையக் கருத்தில்) ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் 'நிலம், நினைவு, குடியேற்றம்' என்று எழுதிப் போட்டாயிற்று. அதற்கப்புறம் மாணவர்கள் நாவலைப் புரட்டுவது அந்த மூன்று சொற்களுக்கு மேற்கோள் பொறுக்குவதற்காகத்தான். இங்கே வரிசை தலைகீழாக இருக்கும்: கதையைச் சொல்வது யார், அவர் நடை எப்படி, அவர் எந்தெந்தப் புத்தகங்களைத் தொட்டுப் பேசுகிறார் (இதுதான் அல்யூஷன்), எல்லாம் முடிந்த பிறகு தீம்.

1. வகுப்புக்குப் போகும் முன்

எல்லார் கையிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1918 பதிப்பின் முன்னுரை நீளமானது. 1926இல் கேதரே அதைச் சுருக்கினார். பாதிப் பேர் ஒன்றும் மீதிப் பேர் மற்றொன்றும் வைத்திருந்தால் முதல் நாளே பக்க எண் சண்டையில் போய்விடும்.

நாவலின் அமைப்பை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ஐந்து பகுதிகள், அத்தியாயங்கள் முறையே 19, 15, 4, 4, 3. இந்த எண்கள் பின்னால், பண்டைய ரோமானியக் கவிஞர் விர்ஜிலைப் பற்றிய வகுப்பில் தேவைப்படும். அதனால் இப்போது விளக்கம் எதுவும் வேண்டாம்.

அமெரிக்க வரைபடத்தில் மூன்று இடங்களைக் குறியுங்கள்: வர்ஜீனியா, நெப்ராஸ்கா, நியூயார்க். பின்னணி வரலாறாக இரண்டு வரி போதும். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் ஐந்து ஆண்டு குடியிருந்து உழுபவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. நெப்ராஸ்கா 1867இல் மாநிலமானது. கேதரின் வாழ்க்கைக் குறிப்பை முதல் நாள் சொல்லவே சொல்லாதீர்கள். அவர் ஒன்பது வயதில் வர்ஜீனியாவிலிருந்து நெப்ராஸ்காவுக்குப் போனவர் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து கதைசொல்லி ஜிம்மும் கேதரும் ஒரே ஆள் என்று மாணவர்கள் எழுதத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் அதைத் திருத்துவது பெரும்பாடு.

ஆன்டோனியா என்ற பெயரின் உச்சரிப்பு பற்றி ஆசிரியரே அடிக்குறிப்பு கொடுத்திருக்கிறார்: அழுத்தம் முதல் அசையில். வகுப்பில் ஒருமுறை எல்லாரையும் உரக்கச் சொல்ல வையுங்கள். போதும்.

2. முதல் வேலை: ஜிம் யார் என்று பிடித்துக்கொள்வது

ஜிம் பர்டன் பத்து வயதில் பெற்றோரை இழந்து தாத்தா பாட்டியிடம் நெப்ராஸ்காவுக்கு வருகிறான். அதே ரயிலில் பொஹீமியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டின் பகுதி) ஷிமெர்டா குடும்பமும் வருகிறது; அந்த வீட்டுப் பெண்தான் ஆன்டோனியா. ஆனால் கதையைச் சொல்வது அந்தப் பையன் இல்லை. பின்னாளில் ஹார்வர்டில் படித்து, பெரிய ரயில்வே நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞராகி, நியூயார்க்கில் வாழும் நடுவயதுக்காரர்.

முன்னுரையின் கடைசிப் பத்தியை வகுப்பிலேயே படியுங்கள். ஆன்டோனியாவைப் பற்றித் தான் எழுதிய கையெழுத்துப் பிரதியின் உறையில் அவர் 'ஆன்டோனியா' என்று எழுதுகிறார், நெற்றியைச் சுருக்குகிறார், பிறகு முன்னால் 'என்' என்று சேர்க்கிறார். இதை வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த 'என்' போடும் உரிமை இவருக்கு எங்கிருந்து வந்தது? பதில் வராது. வர வேண்டியதும் இல்லை. கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

முதல் பகுதியின் மூன்றாம் அத்தியாய முடிவுக்கு வரும்போது அதே பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள். ஆன்டோனியாவின் அப்பா, இரண்டு மொழி எழுத்துகள் இருக்கும் ஒரு புத்தகத்தை ஜிம்மின் பாட்டி கையில் வைத்து, 'என் ஆன்டோனியாவுக்குச் சொல்லிக்கொடுங்கள்' என்று கெஞ்சுகிறார். கதைக்குள் 'என் ஆன்டோனியா' என்று முதலில் சொன்னவர் அவர்தான். சொல்லிக்கொடுக்கத்தான் கெஞ்சினார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளட்டும். அவளுக்குப் படிப்பு கிடைத்ததா என்பதில்தான் பின்னால் வரும் அல்யூஷன் வகுப்புகள் எல்லாம் வந்து நிற்கும்.

3. நடை: இரண்டே பத்திகள், ஆனால் முழுதாக

நடையைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் 'எளிமையான நடை, அழகான வர்ணனை' என்ற வாக்கியம்தான் திரும்ப வரும். அதனால் இரண்டு பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு வரிவரியாகப் போங்கள்.

முதல் பத்தி, ஜிம் இரவில் வண்டியில் படுத்தபடி நெப்ராஸ்காவைப் பார்க்கும் இடம். வேலி இல்லை, ஓடை இல்லை, மரம் இல்லை, மலை இல்லை. இது நாடே அல்ல, நாடுகள் செய்யப்படும் மூலப்பொருள் என்கிறார். எத்தனை 'இல்லை' வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நிலத்தை இல்லாதவற்றின் பட்டியலாகவே வர்ணிப்பதுதான் இங்கே நடையின் உத்தி. கூடவே, அந்த நிலத்தில் உண்மையிலேயே ஒன்றும் இருந்ததில்லையா என்ற கேள்வியையும் போட்டு வையுங்கள். ஏழாம் படியில் அதற்குத் திரும்புவோம்.

இரண்டாவது, இரண்டாம் பகுதி 14ஆம் அத்தியாயத்தின் கலப்பைக் காட்சி. எங்கோ மேட்டு வயலில் யாரோ விட்டுப்போன கலப்பை. பின்னால் இறங்கும் சூரியன். கைப்பிடி, ஏர்க்கால், கொழு எல்லாம் அந்தச் சிவந்த வட்டத்துக்குள் கருப்பாகக் கச்சிதமாக அடங்கி நிற்கின்றன. காவிய அளவில், சூரியன் மேல் எழுதிய சித்திர எழுத்துபோல.

பெரும்பாலான குறிப்பேடுகள் இங்கேயே நின்றுவிடும்: 'கலப்பை முன்னோடிகளின் வீரத்தின் சின்னம்.' அடுத்த பத்தியையும் படிக்க வையுங்கள். ஜிம்மும் கூட இருக்கும் பெண்களும் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும்போதே சூரியன் மண்ணுக்குள் போய்விடுகிறது. மறக்கப்பட்ட அந்தக் கலப்பை தன் பழைய சின்னஞ்சிறு உருவத்துக்கே திரும்பிவிடுகிறது. கலப்பையைப் பெரிதாக்கியது வெளிச்சமும் தூரமும்தான். நாவல் முழுக்க ஜிம் ஆன்டோனியாவைப் பார்ப்பதும் தூரத்திலிருந்துதான். இதை நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டு பத்திகளையும் அடுத்தடுத்து ஒரே குரலில் படிக்கச் சொன்னால் வகுப்பில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

'கதையே நகரவில்லை, துண்டு துண்டாக இருக்கிறது' என்ற புகார் கட்டாயம் வரும். நியாயமான புகார்தான், மழுப்ப வேண்டாம். நாவலில் தேவையில்லாத தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிய வேண்டும் என்று கேதர் 1922இல் ஒரு கட்டுரையே எழுதினார். பாவெல், பீட்டர் என்ற ரஷ்யர்களின் ஓநாய்க் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணக் கூட்டத்தின் பனிச்சறுக்கு வண்டிகளை ஓநாய்கள் துரத்துகின்றன. வண்டியின் பாரத்தைக் குறைக்க மணமக்களையே வெளியே தள்ளிவிடுகிறான் பாவெல். மையக் கதைக்கு இது எந்த விதத்திலும் அவசியமில்லை. ஆனால் ஜிம்மும் ஆன்டோனியாவும் அதை யாருக்கும் சொல்லாமல் தங்களுக்குள் பொத்தி வைத்துக்கொள்கிறார்கள். நினைவு வரிசையாக வராது, இப்படித் துண்டாகத்தான் வரும் என்பதற்கு இந்த ஓர் அத்தியாயம் போதும்.

4. அல்யூஷன்: விளக்கம் ஒரு நிமிடம், அட்டவணை பல வகுப்பு

ஒரு நூலையோ கதையையோ ஆளையோ பெயர் சொல்லியோ சொல்லாமலோ தொட்டுவிட்டுப் போவதுதான் அல்யூஷன். 'அவன் சரியான சகுனி' என்று ஒருவர் சொன்னால் யாரும் மகாபாரதத்தை விளக்கச் சொல்வதில்லை. சொன்னவரும் கேட்டவரும் ஒரே கதையை அறிந்தவர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. வரையறைக்கு இவ்வளவு போதும்.

அடுத்து மாணவர்களை நோட்டில் நான்கு கட்டங்கள் போடச் சொல்லுங்கள்: எந்த அத்தியாயம், எந்த நூல் அல்லது கதை, அது யாருக்குத் தெரிந்த கதை, அந்த நிமிடத்தில் அங்கே என்ன நடக்கிறது. பலரும் முதல் இரண்டு கட்டங்களை நிரப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். மூன்றாவது கட்டத்துக்காகத்தான் இந்தப் பயிற்சியே.

கதையின் வரிசைப்படியே போங்கள். ஜிம்மின் புத்தகங்கள் அவனோடு சேர்ந்து வளர்வது அப்போதுதான் தெரியும்.

ரயிலில் அவன் கையில் இருப்பது ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்ற கொள்ளைக்காரனின் வாழ்க்கைக் கதை. தாத்தா வீட்டில் 47ஆம் சங்கீதம் வாசிக்கப்படுகிறது: நமக்கான சுதந்தர வீதத்தை (பரம்பரைச் சொத்தின் பங்கை) அவரே தெரிந்தெடுப்பார் என்ற பகுதி. அதன் முடிவில் வரும் 'சேலா' என்ற சொல்லுக்கு அர்த்தம் தனக்குத் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம் என்கிறான் ஜிம். ஆனாலும் அது அவனுக்கு அருள்வாக்குபோலக் கேட்கிறது. அல்யூஷன் புரியவில்லையே என்று மிரளும் மாணவர்களுக்கு இந்த இடத்தைக் காட்டுங்கள். கதைசொல்லிக்கே புரியவில்லை, வாசிப்பு நின்றுவிடவில்லை.

ஏழாம் அத்தியாயத்தின் பாம்பு கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. ஜிம் மண்வெட்டியால் பெரிய சாரைப் பாம்பு ஒன்றை அடித்தான் என்று எழுதும் விடைத்தாள்கள் உண்டு. அது கிலுகிலுப்பைப் பாம்பு, விஷமுள்ளது, முதலில் அதைத் தெளிவாக்குங்கள். அதை ஆதியிலிருந்தே இருக்கும் தீமை என்கிறார் கதைசொல்லி. பைபிளின் ஏதேன் தோட்டத்துப் பாம்பு மாணவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் அத்தியாயத்தின் கடைசியில் அவரே இதை ஒரு போலிச் சாகசம் என்று இறக்கிவிடுகிறார். பாம்பு கிழடு, சோம்பேறி. கையில் நல்ல மண்வெட்டி. மெச்சுவதற்குப் பக்கத்தில் ஆன்டோனியா. டிராகனைக் கொன்ற வீரர்கள் பலருக்கும் இப்படித்தான் அமைந்திருக்கும் என்கிறார். அல்யூஷனை ஏற்றிவிட்டுத் தானே இறக்குவது, கலப்பையில் பார்த்த அதே அசைவு. நடை வகுப்பை முன்னால் வைத்ததன் பலன் இங்கேதான் தெரியும்.

கலப்பைக் காட்சிக்குச் சற்று முன், ஆற்றங்கரையில் ஜிம் பெண்களுக்கு ஸ்பானியத் தளபதி கொரோனாடோவின் கதையைச் சொல்கிறான். தங்க நகரங்களைத் தேடி வந்தவர், மனமுடைந்து வனாந்தரத்தில் செத்தார் என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறதாம். வரலாற்றில் கொரோனாடோ 1542இல் திரும்பிப் போய், 1554இல் மெக்சிகோ நகரில் இறந்தவர். ஆனால் பள்ளிப் புத்தகத்தின் பிழையைவிட ஆன்டோனியாவின் பதில்தான் முக்கியம்: 'அவர் மட்டுமா அப்படிச் செத்தார்?' மற்ற பெண்களும் ஆமோதித்து முனகுகிறார்கள்.

மூன்றாவது கட்டத்தில் இதை என்னவென்று எழுதுவது? புத்தகம் ஜிம்முடையது, பொருள் ஆன்டோனியாவுடையது. அவள் மனத்தில் ஓடுவது தற்கொலை செய்துகொண்ட அப்பா. இந்த ஒரு வரிக்கு அரை மணி நேரம் கொடுத்தாலும் தகும்.

5. விர்ஜில் வகுப்பு

இதைத் தனி வகுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நாவலின் தலைப்புப் பக்கத்திலேயே லத்தீன் வரி ஒன்று இருக்கிறது: 'ஆப்டிமா டியெஸ்... ப்ரிமா ஃபூகிட்', சிறந்த நாட்களே முதலில் ஓடிப்போகின்றன. விர்ஜிலின் 'ஜார்ஜிக்ஸ்' மூன்றாம் பாகத்திலிருந்து எடுத்தது.

முதலில் பொருளை மட்டும் சொல்லிவிட்டு, முதல் நாள் கொடுத்த அத்தியாய எண்களை எடுக்கச் சொல்லுங்கள். 45 அத்தியாயங்களில் 34 முதல் இரண்டு பகுதிகளுக்கே போய்விட்டன. இளமைக்கு அவ்வளவு இடம். பின்னால் வரும் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் சில அத்தியாயங்களில் கடந்துபோகிறது. மேற்கோள் வரி நாவலின் அளவிலேயே நடக்கிறது என்பதை மாணவர்களே கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்.

அடுத்து, மூன்று புள்ளிகளுக்குள் மறைந்தது என்ன என்று காட்டுங்கள். விர்ஜிலின் முழு வரியில் 'பாவப்பட்ட மனிதர்களின் ஆயுளில்' என்ற பகுதி நடுவில் வருகிறது. அந்த இடமோ கால்நடை வளர்ப்பைப் பற்றியது! மாடுகளை இளமையிலேயே இனப்பெருக்கத்துக்கு விட வேண்டும் என்ற அறிவுரைக்கு நடுவே இந்த வரி. வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். விவசாயப் பெண்ணைப் பற்றிய நாவல் விவசாயக் கவிதை ஒன்றை வாசலில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக மூன்றாம் பகுதி, இரண்டாம் அத்தியாயம். லிங்கன் நகரில் கல்லூரி மாணவனான ஜிம் 'ஜார்ஜிக்ஸ்' படித்துக்கொண்டிருக்கிறான். என் தாய்நாட்டுக்குக் கலைத் தேவதைகளை முதலில் கொண்டுவருபவன் நானாக இருப்பேன் என்கிறார் விர்ஜில். தாய்நாடு என்று அவர் சொன்னது பேரரசை அல்ல, மின்சியோ ஆற்றங்கரையின் சின்னக் கிராமப்புறத்தை என்று பேராசிரியர் கிளெரிக் விளக்கியிருக்கிறார். இதை அசைபோட்டுக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்படுகிறது: ஊரிலிருந்து வந்த லீனா லிங்கார்ட். அவள் போன பிறகு, இப்படிப்பட்ட பெண்கள் உலகில் இல்லையென்றால் கவிதையே இருக்காது என்று அவனுக்குப் படுகிறது.

இங்கே உணர்ச்சிவசப்பட்டு வகுப்பை முடித்துவிடாதீர்கள். உடனே முதல் பகுதி 17ஆம் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். அப்பா இறந்த பின் வயலில் ஆண்களைப்போல் உழும் ஆன்டோனியா, பள்ளிக்கூடம் சின்னப் பையன்களுக்குத்தான் சரி என்று ஜம்பமாகச் சொல்கிறாள். சற்று நேரத்தில் அழுகிறாள். பள்ளியில் கற்கும் நல்ல விஷயங்களை எல்லாம் என்றாவது எனக்குச் சொல்வாய்தானே, ஜிம்மி என்கிறாள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைய இருக்கும் வகுப்பில் இந்த இடத்துக்கு விளக்கமே வேண்டாம். படித்துவிட்டு, அட்டவணையின் மூன்றாம் கட்டத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். விர்ஜில், ராபின்சன் குரூசோ, கொரோனாடோ எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர்தான் இருக்கும்: ஜிம்.

6. தீம்: சொல்லாக வேண்டாம், வாக்கியமாக வேண்டும்

'நினைவு' என்பது தலைப்பு; தீம் ஆகாது. தீம் என்பதை எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். அதற்கு எதிராகவும் நாவலிலிருந்தே ஒரு காட்சியைக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த வாக்கியம் மிகப் பொதுவாக இருக்கிறது என்று பொருள்.

ஒரு மாதிரி: 'படித்தவன் படிக்காதவளின் வாழ்க்கையைத் தன் புத்தகங்களால் அழகாக்குகிறான், அதே நேரம் அதைத் தன்னுடையதாக்கியும் கொள்கிறான்.' எதிர்க்காட்சி கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஆன்டோனியாவின் பிள்ளைகளுக்கு ஜிம்மை ஏற்கெனவே தெரியும். பழைய புகைப்படங்களைக் காட்டி, அவனைப் பற்றிய கதைகளைச் சொல்லி அவள் வளர்த்திருக்கிறாள். அவனும் அவள் கதையில் ஒரு பாத்திரமாகத்தான் இருந்திருக்கிறான். அப்படியானால் யார் யாரைச் சொந்தமாக்கினார்கள்? முதல் பக்கத்தில் எழுதிவைத்த 'என்' கேள்வியை இப்போது எடுக்கலாம்.

பழ நிலவறையிலிருந்து பிள்ளைகள் வெளிச்சத்துக்குப் பாய்ந்து வரும் காட்சியை 'தாய்மையின் வெற்றி' என்று முடித்துக்கொள்வது சுலபம். அதற்கு முன், முதல் பகுதியின் கடைசி வரிகளைப் பக்கத்தில் வையுங்கள். உனக்கு எல்லாம் சுலபமாக இருக்கும், எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று ஆன்டோனியா ஜிம்மிடம் சொன்னது அங்கேதான். அந்தக் கஷ்டத்தையும் தாண்டித்தான் இந்தப் பிள்ளைகள்.

7. கதையில் இல்லாதவர்களைப் பற்றி

எல்லைப்புற நாவலை நடத்தும்போது இதைத் தவிர்க்க முடியாது. முதல் பகுதியின் ஒன்பதாம் அத்தியாயத்தில், இந்தியர்கள் (அமெரிக்கப் பழங்குடியினர்) குதிரை ஓட்டிய பெரிய வட்டம் ஒன்று புல்லில் மங்கலாகத் தெரிகிறது. கைதிகளை நடுவில் கட்டிவைத்துச் சித்திரவதை செய்த இடம் என்கிறார்கள் வேலையாட்கள். பந்தயம் ஓட்டியிருப்பார்கள், குதிரை பழக்கியிருப்பார்கள் என்கிறார் தாத்தா. கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே ஒருவரும் இல்லை. நெப்ராஸ்காவின் பானி என்ற பழங்குடி மக்கள் 1870களில்தான் தெற்கே அனுப்பப்பட்டார்கள். நாவலின் ஊர் பிளாக் ஹாக். அதற்கு மாதிரியாக இருந்த நிஜ ஊர் ரெட் கிளவுட். இரண்டுமே பழங்குடித் தலைவர்களின் பெயர்கள்.

மூன்றாம் படியில் எண்ணிய 'இல்லை'களையும், சங்கீதம் சொன்ன சுதந்தர வீதத்தையும் இந்த வட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வகுப்பே விவாதத்தை நடத்திக்கொள்ளும்.

கறுப்பினப் பியானோ கலைஞர் டார்னோ வரும் அத்தியாயத்தில் (இரண்டாம் பகுதி, 7) இனவாத வர்ணனைகள் உண்டு. சிலர் அந்த அத்தியாயத்தையே தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள், முன்கூட்டியே எச்சரித்துவிட்டுப் படியுங்கள். கதைசொல்லியின் பார்வை எவ்வளவு தூரம் நம்பத் தக்கது என்ற கேள்விக்கு இதுவும் ஆதாரம். 'அந்தக் காலத்தில் அப்படித்தான்' என்று ஒரே வரியில் மூடுவது மட்டும் வேண்டாம்.

8. அடிக்கடி நடக்கும் பிழைகள்

அல்யூஷன்களைப் பட்டியலாக அச்சிட்டுக் கொடுப்பது முதல் பிழை. மாணவர் அதை மனப்பாடம் செய்வார், நாவலைத் திறக்க மாட்டார். அட்டவணையை அவர்களே நிரப்பட்டும், பத்துக்கு ஆறு கிடைத்தால் போதும்.

மூன்றாம் பகுதியில் ஆன்டோனியா அனேகமாக வருவதே இல்லை என்பதற்காக அதை 'அவ்வளவு முக்கியமில்லை' என்று ஒதுக்குகிறார்கள். விர்ஜில் இருப்பதே அங்கேதான்.

நம் ஊர் ஒப்புமைகளை அளவில்லாமல் கொண்டுவருவதும் உண்டு. ஐந்திணையை வைத்து நெப்ராஸ்காவை விளக்கினால் மாணவருக்குத் திணை ஞாபகம் இருக்கும், நெப்ராஸ்கா ஞாபகம் இருக்காது.

9. கேள்வித்தாள்

'அல்யூஷன்களை விளக்குக' என்று கேட்டால் பட்டியல்தான் வரும். ஏதாவது ஒரு பத்தியை அச்சிட்டுக் கொடுத்து மூன்று சிறு கேள்விகள் கேளுங்கள்: இதில் தொடப்படும் கதை எது, அது இங்கே யாருக்குத் தெரியும், தெரியாதவர் அதைக் கேட்டு என்ன செய்கிறார். கொரோனாடோ பத்தி இதற்கு அருமையாகப் பொருந்தும்.

கலப்பைக் காட்சியைக் கேட்டால், சூரியன் மறைந்த பிறகு வரும் வரிகளையும் அச்சிட மறக்காதீர்கள். பத்து மதிப்பெண் என்றால் ஐந்தை அந்த வரிகளுக்கென்றே ஒதுக்கி, விடைக்குறிப்பில் அதை எழுதியும் வையுங்கள். இல்லையென்றால் வேறொருவர் திருத்தும்போது 'வீரத்தின் சின்னம்' என்ற ஒற்றை வரிக்கே முழு மதிப்பெண் போய்விடும்.